தலைக்கு ஊத்தியாச்சா

ஏரிமேட்டு தர்ம ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகிற பெண்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். மருந்து ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் கம்பவுண்டர் அமிர்தநாதன், சீட்டை வாங்கு முன், பெயரைக் கேட்கு முன், வரிசைக் கடைசிவரை எட்டும் குரலில் கேட்பார்: "மாசமா கீறியா?"

தாவணி போட்ட பெண்ணையும் கேட்பார். பேத்திக்குப் பேன் பார்க்கிற வயதுக்காரியையும் கேட்பார். சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு வாங்க வந்தவளும் தப்ப முடியாது. ஒருமுறை மணிமங்கலத்திலிருந்து நடந்து வந்த கிழவி ஒருத்தி, "ஆமாய்யா, ரெட்டப் புள்ள. ஒண்ணுக்கு உன் பேரத்தான் வெக்கப் போறேன்" என்றாள். வரிசையே குலுங்கியது. கம்பவுண்டர் சிரிக்கவில்லை.

"இல்லன்னு வாயால சொல்லும்மா."

"இல்லடா சாமி, இல்ல."

அதன் பிறகுதான் அவள் நீட்டிய சீட்டைக் கையில் வாங்கினார்.

'மாசமா கம்பவுண்டர்' என்று அவருக்குப் பெயர் விழுந்து பல வருஷம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதிலுக்கு வெளியிலிருந்து அப்படிக் கத்திவிட்டு ஓடும். படப்பை பஸ்ஸில் கண்டக்டர்கூட, "மாசமா கம்பவுண்டர் ஸ்டாப்பிங்கெல்லாம் எறங்கு" என்பான். அதே மனிதருக்கு ஒரு காலத்தில் அந்தச் சொல் நாக்கில் வராது என்பதை அறிந்தவர்கள், எழுபத்தொன்பதாம் வருஷத்தில், அந்த ஊரில் நாலைந்து பேர்தான் மிச்சம்.

அமிர்தநாதன் தண்டலத்துப் பக்கத்தவர். அப்பா மாதா கோயிலில் மணியடித்தவர். பையன் நன்றாகப் படிக்கிறான் என்று பதினைந்து வயதில் சாமியாருக்குப் படிக்க அனுப்பினார்கள். மடத்தில் நாலு வருஷம். கொஞ்சம் லத்தீன், நிறைய இங்கிலீஷ். அவற்றைவிட ஆழமாகப் பதிந்தது ஒரு பழக்கம்: பெண்பிள்ளைகளிடம் பேச நேர்ந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், கையில் ஏதாவது பொருள் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டும். ஐந்தாம் வருஷம் இருமல் பிடித்தது. எச்சிலில் ஒரு நாள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மற்றப் பையன்களுக்கு ஒட்டும் என்று பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"சாமியாரா வரும்னு அனுப்பினா, சளியாத் திரும்பி வந்துகீது" என்றார் அப்பா. ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தது.

ஏரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அவர் முதலில் வந்தது நோயாளியாகத்தான். மணிமங்கலத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஏரிக்கரையை ஒட்டி, மிஷன்காரர்கள் கட்டிய மூன்று அறைக் கட்டடம். வியாழக்கிழமை தாம்பரத்திலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாட்களில் ஒரு கன்னியாஸ்திரீ நர்ஸ். உடம்பு தேறியதும் அவர் திரும்பிப் போகவில்லை. இங்கிலீஷ் லேபிள் வாசிக்கத் தெரிந்த ஆள் அங்கே வேண்டியிருந்தது. மருந்து கலக்கக் கற்றுக்கொண்டார். சீசாவின் மேல் வேளைக் கணக்குக்காக ஒட்டுகிற காகிதத்தை மடித்து, பற்கள் போல வெட்டுவதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. ஐம்பத்தொன்றில் கம்பவுண்டர் வேலையும், வளாகத்திலேயே இரண்டு அறை வீடும், லூர்து மேரி என்ற மனைவியும் வந்து சேர்ந்தார்கள்.

வந்த வருஷம் அவர் செய்த முதல் வேலை, வேலி போட்டது. ஏரிக்கரை ஆடுகள் உள்ளே புகுந்து எதை வைத்தாலும் தின்றன. ஆடு வாய் வைக்காத செடியாக ஆடாதோடையைத் தேர்ந்தெடுத்தார். குச்சி ஒடித்து நட்டால் போதும். இரண்டே மழையில் இடுப்புயரம் வந்துவிட்டது. நீளமான இலை, கசக்கினால் பச்சை நெடி, பூ வெள்ளை. வாயில் வைத்தால் அரை நாள் போகாத கசப்பு.

மாசிக்கும் சித்திரைக்கும் நடுவில் இருமல்காரர்கள் குவிவார்கள். மதராஸிலிருந்து வருகிற மிக்ஸ்சர் பாதியிலேயே தீர்ந்துபோகும். அமிர்தநாதன் இலையை இட்லிப் பானையில் அவித்து, துணியில் வைத்துப் பிழிந்து, சாற்றை அதிமதுரமும் திப்பிலியும் தட்டிப்போட்ட கஷாயத்தில் சேர்ப்பார். தேன் கிடைத்தால் தேன், இல்லாவிட்டால் வெல்லப்பாகு. கோழை இளகி வெளியே வந்துவிடும். அவருடைய மார்ச்சளியையே அதுதான் கரைத்தது என்று அவர் நம்பினார். டாக்டர், "தண்ணி கலந்த மிக்ஸ்சருக்கு இது எவ்வளவோ மேல், ஆனா அளவு மீறிப் போச்சுன்னா வாந்தி எடுக்கும், பாத்துக்கோ" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

அந்தச் செடியைப் பற்றி டாக்டருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னவள் செங்கமலம். சுற்று வட்டாரத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவச்சி. அமிர்தநாதனைவிட நாலைந்து வயது மூத்தவள், வெற்றிலை வாய், யாருக்கும் மரியாதை கிடையாது. ஐம்பத்தைந்தில் ஒரு காலை வேலியோரம் குந்தி, கடப்பாரையால் வேர் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"கேக்காம தோண்டறியே?" என்றார் அமிர்தநாதன்.

"ஒரகடத்துல தலைச்சன் புள்ளக்காரி ரெண்டு நாளா முக்கினு கீறா. வேரை அரைச்சு அடிவவுத்துல பத்து போட்டா எறங்கும். உன்கிட்ட மனு எழுதிக் குடுத்துட்டுத் தோண்டறதா?" வேரை உதறினாள். "ஆமா, இத நீ இருமலுக்கு ஊத்திக் குடுக்கறியாமே. புள்ளத்தாச்சிக்கும் குடுக்கறியா?"

"இருமல் எல்லாருக்கும்தான வரும்."

செங்கமலம் வெற்றிலையைத் துப்பினாள். "அட படிச்சவனே. புள்ளய வெளிய இழுக்கற செடிய, உள்ள கீற புள்ளைக்கு ஊத்துவியா?"

அவர் அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்த தடித்த இங்கிலீஷ் மருந்துப் புத்தகத்தைப் புரட்டினார். இருமலுக்கு நல்லது என்று இரண்டு வரி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் செங்கமலத்தை நம்பினார். அந்த மட்டில் அவர் புத்திசாலி.

ஆனால் கேட்க வேண்டுமே. ஒவ்வொரு பெண்ணையும். நர்ஸ் இருந்தவரை அவளே கேட்டுச் சீட்டில் ஒரு சிலுவைக்குறி போட்டுவிடுவாள். ஐம்பத்தொன்பதில் அவளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பதிலுக்கு யாரும் வரவில்லை. அதன்பின் ஜன்னலுக்குள் அவர் மட்டும்.

"வாயத் தொறந்து கேளுய்யா, மாசமா கீறியான்னு. உன் பல்லா கொட்டிடும்?" என்றாள் செங்கமலம்.

அவரால் முடியவில்லை. கர்ப்பம் என்ற சொல்லை வேதப் புத்தகத்தில் ஆயிரம் முறை வாசித்திருக்கிறார்; ஒரு பெண்ணின் எதிரே உச்சரித்ததில்லை. லூர்து மேரி இரண்டு பெண்களைச் சுமந்தபோதும் "உடம்பு எப்படி இருக்கு" என்பதைத் தாண்டியதில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஊர்ப் பெண்கள் மாதவிலக்குக்குப் பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். முழுகாமல் இருக்கிறாள் என்றால் பிள்ளைத்தாய்ச்சி என்று யாருக்கும் தெரியும். ஆகவே சீசாவைத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பவர் போலக் கேட்பார்: "தலைக்கு ஊத்தியாச்சா?"

பெண்கள் புரிந்துகொண்டார்கள். "ஊத்திக்கினேன், அஞ்சு நாளாச்சு" என்பார்கள். "இல்லீங்க, நின்னுபோச்சு" என்பார்கள். இல்லை என்றவர்களுக்குக் கஷாயம் கிடையாது, பனங்கற்கண்டும் மிளகும்தான். மூன்று வருஷம் ஒரு பிசகும் நடக்கவில்லை. கேள்வி கௌரவமாகவும் இருந்தது, வேலையும் செய்தது.

அறுபத்திரண்டு பங்குனியில் வீட்டுக்கு வீடு அம்மை. வேப்பிலை செருகாத வாசல் அந்த ஊரில் இல்லை. அம்மை இறங்கிய உடம்புகளில் இருமல் தங்கியது. ஒரு புதன்கிழமை காலை, ஜன்னலுக்கு வெளியே நாற்பது பேர் நின்றிருந்தபோது, ராஜம்மா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ராஜம்மாவின் மகன் பலராமன் சூளைக்குச் செங்கல் வண்டி ஓட்டுகிறவன். மருமகள் கனகம், இருங்காட்டுக்கோட்டைப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அவ்வளவுதான். தெரியாத சங்கதி, அவளுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. ஆறு வருஷம் கழித்து வந்ததைக் கண்பட வெளியே சொல்வார்களா? மூன்று மாதம் முடியட்டும் என்று ராஜம்மா மகனிடம்கூட அடக்கியே பேசினாள்.

கனகம் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, மாமியாருக்கு ஒரு அடி பின்னால் நின்று இருமினாள். ராஜம்மா காலி சீசாவை ஜன்னலில் வைத்தாள்.

"ராவெல்லாம் இருமறாய்யா. நல்லதாக் குடு."

அமிர்தநாதன் சீசாவை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "தலைக்கு ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சுய்யா. நேத்து ஊத்தினோம்."

நேற்றுத்தான் என்றால் பயமில்லை. கஷாயத்தை ஊற்றினார், தக்கையை அடைத்தார், காகிதப் பற்களைக் காட்டி மூன்று நாளைக்கு மூன்று வேளை என்றார். ராஜம்மா கும்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த சீசா வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தபோது கனகத்துக்கு உதிரம் கண்டது. திங்கட்கிழமை காலை, இலை அவித்துக்கொண்டிருந்த அமிர்தநாதனின் முன்னால் செங்கமலம் வந்து நின்றாள். கை இன்னும் ஈரமாக இருந்தது.

"பலராமன் பொண்டாட்டிக்கு இன்னா குடுத்தே?"

"இருமலுக்குக் குடுத்தேன். ஏன்?"

"ரெண்டரை மாசம். போச்சு."

"கேட்டேனே. நேத்து ஊத்தினோம்னு அந்தம்மா சொன்னாங்களே."

செங்கமலம் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "அம்மைக்கு மூணாந் தண்ணி செவ்வாக்கெழம ஊத்தினாங்கய்யா. நாந்தான் வேப்பெல அரைச்சுக் குடுத்தேன்."

பானை கொதித்துக்கொண்டிருந்தது. அமிர்தநாதன் அதை இறக்கவில்லை. *ஊத்தினோம்.* அந்தச் சொல் அப்போதுதான் அவர் காதுக்குள் முழுசாக விழுந்தது. விலக்கு முடிந்தவள் தானே தலைக்கு ஊற்றிக்கொள்வாள், ஊத்திக்கினா என்பார்கள். அம்மை கண்டவளுக்குத்தான் வீட்டார் கூடி நின்று ஊற்றுவார்கள். ஊத்தினோம். ஒரு விகுதி. நாலு வருஷம் லத்தீன் விகுதிகளை மனப்பாடம் செய்தவர், தாய்மொழியில் ஒன்றைத் தவறவிட்டார். கனகத்தின் நெற்றியில் அம்மைப் பொருக்கு உதிர்ந்த தடம் இருந்திருக்கும். அதைப் பார்க்க அவர் தலையை நிமிர்த்தியிருக்க வேண்டும்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆத்தா வந்தா, எடுத்துக்கினு பூட்டான்னு சொல்லி அழுவறாங்க. நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா மருத்துவச்சி பொறாமைல பேசறான்னுவாங்க. உன் வாய், உன் பாடு."

அன்று இரவு லூர்து மேரியிடம் சொன்னார். அவள் சோற்றுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டுக் கேட்டாள்.

"உன்னாலதான்னு நிச்சயமாத் தெரியுமா? அம்மை கண்ட ஒடம்பு. அந்தச் சூட்டுல எந்த வவுறு நிக்கும்?"

தெரியாது. அதுதான் உண்மை. அம்மைக் காய்ச்சலா, கஷாயமா, இரண்டுமா, இல்லை ஆறு வருஷமாகத் தரிக்காத உடம்பின் வேறு ஏதோ காரணமா என்று டாக்டராலும் சொல்ல முடியாது. அந்தத் தெரியாமையை அமிர்தநாதன் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாததப் போய்ச் சொல்லி, இந்த ரெண்டு ரூமயும் காலி பண்ணுவியா? ரெண்டு பொட்டப் புள்ளைங்களக் கூட்டினு எங்க போறது?" என்றாள் அவள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவர் கேட்க விரும்பியதைத்தான் அவள் சொன்னாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். சாமியார் பொறுமையாகக் கேட்டார். "தெரிந்து செய்தால்தான் பாவம் மகனே, இது கைப்பிழை" என்றார். ஐந்து மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததுதான் கெடுதலாகப் போயிற்று.

இதற்குள் ராஜம்மாவின் வீட்டில் பேச்சு திரும்பியிருந்தது. ஆத்தாமேல் எத்தனை நாள் பழி போடுவது? ஆறு வருஷம் இல்லை, வந்ததும் நிற்கவில்லை. வயிறு தங்காதவள் என்றாள் ஒரு நாத்தனார். வீட்டுக்குள் அம்மையைக் கொண்டு வந்தவளே அவள்தான் என்றாள் இன்னொருத்தி. இந்தப் பேச்சுகள் எல்லாம் மருந்து ஜன்னலுக்கு வந்து சேரும். வரிசையில் நிற்கிறவர்களுக்கு வேறு வேலை என்ன? இரண்டாம் கல்யாணம் என்று சொல் அடிபட்ட அன்று அமிர்தநாதன் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலிவரை போனார். காய்ந்த இலைகளைப் பொறுக்கிவிட்டுத் திரும்பி வந்தார். 'இன்னிக்கு வேணாம், வெள்ளிக்கெழம போலாம்' என்று நினைத்தார். அந்த வெள்ளி வந்து போயிற்று.

உதிரம் கண்ட பத்தொன்பதாம் நாள் காலை ஒரு வாடகை வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனது. வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் கனகத்தின் அண்ணன் சுப்பிரமணி. பின்னால் ஒரு தகரப் பெட்டி, ஒரு குடம், அவற்றுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கனகம். வேலிக்கு உள்ளே நின்றிருந்த அமிர்தநாதன் வண்டி திரும்பும் வரை பார்த்தார். கையில் பார்க்க வேறு பொருள் இல்லாததால் அவளைத்தான் பார்த்தார்.

பிறகு ஓட்டமும் நடையுமாக ராஜம்மாவின் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் நெல் புழுக்கிக்கொண்டிருந்தாள். பலராமன் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லம்மா" என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"உங்க மருமவ. நான் குடுத்த மருந்து... நான் வேற ஒண்ணு கேட்டேன், நீங்க வேற ஒண்ணு சொன்னீங்க. தலைக்கு ஊத்தியாச்சான்னு கேட்டது அம்மைக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

அவர் மாட்டின் கொம்பைப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. "அந்த மாதிரி நேரத்துல அந்த மருந்து ஆவாதும்மா. அதுக்குத்தான் கேட்டேன்."

ராஜம்மா அடுப்பிலிருந்து எழுந்தாள். மெதுவாகத்தான் புரிந்தது, புரிந்ததும் குரல் உயரவில்லை. "அப்ப நீ குடுத்தது கலைக்கிற மருந்து."

"இருமல் மருந்தும்மா."

"இருமல் மருந்து குடிச்சா இருமல் போவும். எங்களுக்குப் புள்ள போச்சு. சாமியாருக்குப் படிச்சவன், கண்ணெடுத்துப் பாக்காதவன்னு நம்பிக் கூட்டினு வந்தேன்." துடுப்பால் நெல்லை ஒரு முறை கிளறினாள். "அன்னிக்கே ஏன் சொல்லல? இன்னிக்கு வண்டி போன வழிய மோப்பம் புடிச்சுக்கினு வந்து, அவ நல்லவன்னு சாட்சி சொல்றே. ஊரான் பொண்டாட்டிக்கு உனக்கு இன்னாய்யா இம்மாம் கரிசனம்?"

பக்கத்து வீட்டுப் படலுக்குப் பின்னால் இரண்டு தலைகள் தெரிந்தன. பலராமன் கையில் இருந்த வைக்கோலைக் கீழே போட்டான்.

"எனக்கு ரெண்டாந்தாரமா பேசினது எங்க மாமன் பொண்ணு. தாம்பூலம் மாத்தியாச்சு கம்பவுண்டரய்யா" என்றான். "நேத்துதான் மாத்தினோம். முந்தாநேத்து நீ சொல்லியிருந்தா..."

மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வேலை போகவில்லை. வீடும் போகவில்லை. லூர்து மேரி பயந்தது ஒன்றும் நடக்கவில்லை. வேறு ஒன்று நடந்தது. படலுக்குப் பின்னால் நின்ற தலைகள் கேட்டுக்கொண்டது கனகம் நிரபராதி என்பதை அல்ல. ஆஸ்பத்திரி வேலித் தழை வயிற்றைக் கலைக்கும் என்பதைத்தான். அந்தச் செய்தி படப்பை வரை போயிற்று.

வைகாசியில் வேலியின் கீழ்க்கிளைகள் மொட்டையாக இருப்பதைப் பார்த்தார். ஆடு என்று நினைத்தார். பிறகுதான் நினைவு வந்தது, அது ஆடு தொடாத செடி. ஒரு நாள் விடியலில் காத்திருந்து பார்த்தார். முக்காடிட்ட ஒருத்தி, மடியில் இலையைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் ஓடினாள். ஐந்து பிள்ளைக்காரியோ, தாலி ஏறாதவளோ, அவருக்குத் தெரியாது.

மறுநாள் ஒரு பலகை எழுதி வேலியில் கட்டினார். 'கர்ப்பிணிகள் இந்த இலையைத் தொடக்கூடாது. உயிருக்கு ஆபத்து.' அழகான கையெழுத்து. வாயால் சொல்ல முடியாத சொல்லை எழுதுவதில் அவருக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு வீட்டில் போய்ச் சொன்னார்கள். எது ஆடாதோடை என்று அதுவரை அடையாளம் தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. பலகை எந்தச் செடியில் கட்டியிருக்கிறதோ, அது.

ஆடி மாதத்தில் படப்பைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் செத்தாள். படி அளவு இலையை அரைத்துக் குடித்திருக்கிறாள். வாந்தி நிற்கவில்லை, பிறகு உதிரம் நிற்கவில்லை. கடைசியில்தான் தன்னைக் கூப்பிட்டார்கள் என்று செங்கமலம் வந்து சொன்னாள். அந்தப் பெண்ணின் பெயரை அமிர்தநாதன் கேட்டார்.

"பேரத் தெரிஞ்சு இன்னா பண்ணப் போறே? பலகைல எழுதுவியா?" என்றாள்.

அன்றைக்கே அரிவாளை எடுத்து வேலியை வெட்டினார். பதினைந்து நாளில் துளிர்த்தது. மறுபடி வெட்டினார். வேரோடு தோண்ட இரண்டு ஆள் வைத்தார். மழை பெய்ததும் மண்ணுக்குள் கிடந்த துண்டு வேர்களிலிருந்து அங்கங்கே எட்டிப் பார்த்தது. மூன்று வருஷம் பிடித்தது ஒழிக்க. அந்த மூன்று வருஷத்தில் பங்குனி இருமலுக்கு வந்தவர்கள் அவரைச் சபித்தார்கள். "நல்ல மருந்து. கிறுக்குப் புடிச்சு வெட்டிப்போட்டான்" என்றார்கள். அதிலும் பொய்யில்லை, அது நல்ல மருந்துதான். ஆடுகள் உள்ளே வந்து செம்பருத்தியைத் தின்றன. பிறகு மிஷன் மதில் கட்டியது. மதராஸிலிருந்து சீல் வைத்த இருமல் மருந்துப் புட்டிகள் வந்தன. லேபிளில் பொடி எழுத்தில் ஆடாதோடையின் லத்தீன் பெயர் இருந்தது. எச்சரிக்கை ஒன்றும் இல்லை.

வேலி அழிந்த பிறகுதான் அவர் வாய் திறந்தது. முதல் தடவை கேட்டபோது ஜன்னலுக்கு வெளியே நின்றவள் முகத்தை மூடிக்கொண்டு ஓடிப்போனாள். லூர்து மேரி இரண்டு நாள் பேசவில்லை. பிறகு ஊர் சிரிக்க ஆரம்பித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று பதினான்கு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எழுபத்தொன்பது மாசியில் ஒரு காலை, வரிசையில் ஒரு பெண் இருமிக்கொண்டு நின்றாள். நாற்பது வயது இருக்கும். செங்கல் தூசி படிந்த சேலை, தலையில் சும்மாடு வைத்த தழும்பு. சூளையில் கல் சுமக்கிறவள் என்று பார்த்தாலே தெரியும். முறை வந்ததும் கையிலிருந்த சீசாவை ஜன்னலில் வைத்தாள். இப்போதெல்லாம் யாரும் சீசா கொண்டு வருவதில்லை. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மாசமா கீறியா?"

பின்னால் நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள்.

"இல்லீங்க" என்றாள். பிறகு, "இப்பிடியே கேட்டிருக்கலாமே அன்னிக்கு" என்றாள்.

அவர் சீசாவைக் கீழே வைத்தார். அவள் முகம் மாறியிருந்தது. குரலை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. இருமலைத்தான் கேட்டிருக்கிறார்.

"கனகமா?"

"இருங்காட்டுக்கோட்டைல அண்ணன் வூட்ல கீறேன். இப்ப இந்தப் பக்கத்துச் சூளைல வேல."

"நான் உங்க மாமியா வூட்டுக்குப் போய்ச் சொன்னேம்மா. என் மேலதான் தப்புன்னு சொன்னேன்."

"கேள்விப்பட்டேன். வண்டி போனப்புறம்." அவள் குரலில் கோபம் இல்லை, சூளையில் கல் எண்ணிச் சொல்கிற மாதிரி சொன்னாள். "வேலியாண்ட நின்னுக்கினு இருந்தீங்க. பாத்தேன்."

வரிசையில் யாரோ, "இன்னா கத பேசறீங்க, நேரமாவுது" என்றார்கள். அமிர்தநாதன் பதினேழு வருஷம் தன்னிடமே கேட்டுக்கொண்ட ஒன்றை மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு நான் கேட்டது உங்க மாமியாளுக்குத்தான் புரியல. உனக்குமா புரியல?"

"எனக்குப் புரிஞ்சுதுங்க. பொம்பளைக்குப் புரியாதா?"

"பின்ன ஏம்மா..."

"பெரியவங்க பதில் சொல்லிட்டாங்க. அதுக்கு மேல நான் எப்பிடிப் பேசறது, அத்தினி ஆம்பளைங்க நிக்கறப்போ."

"தலையாவது ஆட்டியிருக்கலாமே."

கனகம் அவரை நேராகப் பார்த்தாள். "ஆட்டினேன். இல்லன்னு ரெண்டு தபா ஆட்டினேன். நீங்க சீசாவையே பாத்துக்கினு இருந்தீங்க."

அவர் அலமாரியிலிருந்து புட்டியை எடுத்தார். அவளுடைய சீசாவில் மருந்தை ஊற்றினார். வழக்கொழிந்து போன காகிதப் பற்களை வெட்டி ஒட்டினார்.

"எத்தினி வேள?"

"மூணு வேள. மூணு நாளைக்கு."

"அன்னிக்கும் இதேதான்" என்று சொல்லிவிட்டு, சீசாவை முந்தானையில் முடிந்துகொண்டு இருமிக்கொண்டே போனாள்.

அடுத்ததாக மணிமங்கலத்துக் கிழவி வந்தாள், அந்த ரெட்டைப் பிள்ளைக்காரி. புதிய பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு, வாயோரம் சிரிப்போடு காத்திருந்தாள். கம்பவுண்டர் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆண்பிள்ளை அப்படிப் பார்த்து அவளுக்கு எத்தனையோ காலம் ஆகியிருக்கும். சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"இன்னாய்யா" என்றாள், "இன்னிக்குக் கேக்கலியா?"